கப்பலுக்கு முன்னால் ஒரு கலகம்

புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதியும் பேசியும் படமாக்கியும் வருகிற நண்பர்களுக்கு,



கடல் கடந்துபோன ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி உங்களில் யார் எழுதினாலும் தேடிப் பிடித்துப் படித்துவிடுகிறவன் நான். அந்த உரிமையில் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கதை எப்போதும் மதராஸ் கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறது. பஞ்சம், ஆள்பிடிக்கும் தரகன், டிப்போ, கைநாட்டு, கப்பல், கரும்புக் காடு, சவுக்கு. பிறகு ஒரு மாரியம்மன் கோயில். கடைசியில் கொள்ளுப் பேரன் ஒருவர் மந்திரியாகிக் கோட்டும் டையுமாக நிற்கிற புகைப்படம். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கப்பல் எதற்காக வந்தது என்று கேட்டால், நீங்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்: 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது, தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்தது, அதனால் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள்.

ஒழித்தது யார்? பற்றாக்குறை யாருக்கு? ஆட்கள் அங்கேயேதான் இருந்தார்கள். கொடுத்த கூலிக்கு, குறித்த நேரத்துக்கு, தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்ய மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். துரைமார் அதைப் பற்றாக்குறை என்று லண்டனுக்கு எழுதினார்கள். நாம் அவர்களுடைய கணக்குப்பிள்ளைகள் மாதிரி இன்றுவரை அதையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கயானாவை மட்டும் வைத்துப் பேசுகிறேன். மொரீஷியஸ், குவாதலூப், மார்த்தினிக் என்று நம்மவர்கள் போன மற்றத் தீவுகளிலும் கூலிமுறைக்கு முன்னால் அடிமைமுறை இருந்தது. மார்த்தினிக்கில் 1848 மே மாதம் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகுதான், பாரிஸிலிருந்து ஆணை வந்து சேரும்வரை காத்திராமல், விடுதலையை அறிவித்தார்கள். ஆனால் கயானாவில் சாட்சியம் ஒரே குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் கிடக்கிறது. 1823இல் அடிமைகள் கலகம் செய்த தோட்டத்தின் முதலாளியும், 1838இல் முதல் கூலிக் கப்பல்கள் கயானாவுக்கு வரக் காரணமாக இருந்த முதலாளியும் ஒரே ஆள். லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன்.

முதலில் அந்த நிலத்தைப் பாருங்கள். கயானாவின் டெமராராப் பகுதியிலுள்ள கிழக்குக் கடற்கரை, அட்லாண்டிக்குக்கும் உள்நாட்டுச் சதுப்புக்கும் நடுவே நீளும் ஒரு சேற்றுப் பட்டை. கடல் ஏறும் நேரத்தில் நிலம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். முன்னால் கடலை மறிக்க ஓர் அணை, பின்னால் சதுப்பு நீரை மறிக்க இன்னோர் அணை, நடுவே வலைபோல வாய்க்கால். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் நீளத்துக்கு வடிகால், 16 மைல் நீளத்துக்குப் பாசனமும் படகும் போகிற மேல்வாய்க்கால் என்று பிற்காலத்தில் அங்கே சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் ஆணையம் கணக்குப் போட்டது. கடற்கரை முழுவதற்குமாக வெட்டி அள்ளிய மண் 10 கோடி டன்னாவது இருக்கும். கயானாவின் வரலாற்றாசிரியர் வால்டர் ராட்னி இந்தக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டுதான் தன் நாட்டு உழைப்பாளிகளின் வரலாற்றைத் தொடங்குகிறார். அத்தனை மண்ணையும் சேற்றில் நின்று அள்ளியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தஞ்சைப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டிப் பழகிய நம் ஆட்கள் கப்பலைவிட்டு இறங்கியபோது, அங்கே வாய்க்கால் வெட்டி முடிந்திருந்தது.

டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய நாடு அது. டச்சுக்காலத்திலேயே, 1763 பிப்ரவரி 23 அன்று, பக்கத்துப் பெர்பீஸ் காலனியில் கான்ஜே ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் பற்றிய கலகம் ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. அதன் தலைவர் கஃபி, நாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று டச்சு ஆளுநருக்கே கடிதம் அனுப்பினார். அந்தக் கதைக்குத் தனி மடல் வேண்டும்.

1823க்கு வருவோம். ஜான் கிளாட்ஸ்டன் டெமராராவில் ஒரு நாளும் கால் வைத்தவரில்லை. ஆனால் அங்கே 'சக்ஸஸ்' என்ற தோட்டம் அவருடையது. அங்கே பீப்பாய் செய்யும் வேலையில் ஜாக் என்று ஓர் இளைஞர். ஆறடி இரண்டங்குல உயரம். அடிமைக்கு முதலாளியின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொள்ளும் வழக்கப்படி இவர் ஜாக் கிளாட்ஸ்டன். அப்பா குவாமினா அதே தோட்டத்தின் தலைமைத் தச்சர். ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் தாயோடு சேர்த்து விற்கப்பட்டவர். பக்கத்து 'லெ ரெசூவெனிர்' தோட்டத்தில் லண்டன் மிஷன் சங்கம் கட்டியிருந்த பெத்தேல் ஜெபக்கூடத்தில் மூத்த டீக்கன்.

குவாமினாவின் மனைவி பெக்கி 1822இல் சாகக் கிடந்தார். கூட இருந்து பார்த்துக்கொள்ள விடவில்லை. விடிந்தால் வேலை, இருட்டினால் வீடு. ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்தபோது பெக்கி இறந்துபோயிருந்தார். கலகத்துக்குக் காரணங்கள் என்று பட்டியல் போடும்போது கரும்பு விலை, லண்டன் தீர்மானம் என்று எல்லாம் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் பெக்கியின் பெயரைச் சேர்த்து எழுதுகிறவர்கள் குறைவு.

ஜெபக்கூடத்தின் போதகர் ஜான் ஸ்மித் 1817இல் வந்தவர். வந்த புதிதில் ஆளுநர் ஜான் மர்ரேயைப் பார்க்கப் போனார். நீக்ரோக்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் காலனியைவிட்டே துரத்திவிடுவேன் என்று ஆளுநர் எச்சரித்து அனுப்பினார். ஸ்மித் சாதுவான மனிதர். ஆதியாகமத்தைத் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு போகிறபோது கானான் தேசத்தைத் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிற இடத்தை வாசிக்காமல் தாண்டிவிட்டார். கேட்பவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். பின்னால் அந்த நாட்குறிப்பையே அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைத்தார்கள்.

1823 மே மாதம் லண்டன் நாடாளுமன்றத்தில் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் அடிமை முறையைப் படிப்படியாக முடிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதை மழுப்பி, சில சீர்திருத்தங்களோடு நிறுத்திக்கொண்டது. பெண்களைச் சவுக்கால் அடிக்கக் கூடாது, வயலில் சவுக்கை ஏந்திக்கொண்டு நிற்கக் கூடாது என்கிற அளவில்தான். ஜூலையில் அந்த உத்தரவு டெமராராவுக்கு வந்தது. அங்கே துரைமார் நிறைந்த சபை அதை வைத்துக்கொண்டு பேசியதே தவிர, வெளியே சொல்லவில்லை. ஆனால் மேசையில் சாப்பாடு பரிமாறுகிறவர்களுக்குக் காது உண்டே. லண்டனிலிருந்து ஏதோ நல்ல செய்தி வந்திருக்கிறது, இவர்கள் மறைக்கிறார்கள் என்று தோட்டம் தோட்டமாகப் பேச்சுப் பரவியது. ராஜா விடுதலை கொடுத்துவிட்டார் என்று சிலர் நம்பினார்கள்.

இதை வதந்தி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த உத்தரவு உண்மை, மறைத்தது உண்மை. நடுவில் என்ன எழுதியிருக்கும் என்று ஊகித்ததில்தான் அவர்கள் தங்கள் விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. ஜெபம் முடிந்ததும் சக்ஸஸ் தோட்டத்தில் கூடிப் பேசினார்கள். குவாமினா பொறுமை சொன்னார். ஆயுதத்தை எடுப்பதைவிட வேலையை நிறுத்துவதே நல்லது என்பது அவர் எண்ணம். ஜாக்கும் மற்ற இளைஞர்களும் நாளைக்கே என்றார்கள். மறுநாள் திங்கள் மாலை கலகம் எழுந்தது. ஏறக்குறைய 60 தோட்டங்கள், பத்தாயிரம் பேர் அளவுக்கு மக்கள். அவர்கள் செய்த முதல் காரியம், மேலாளர்களையும் மேஸ்திரிகளையும் பிடித்துத் தோட்டத்தின் தொழுமரத்தில் கால்மாட்டி உட்கார வைத்தது. அதே மரத்தில் எத்தனை இரவு தாங்கள் கிடந்தார்களோ, அதே மரம். துப்பாக்கிகளைப் பறித்தார்கள். ஆனால் கொலை வேண்டாம் என்று பேசி வைத்திருந்தார்கள், பெரும்பாலும் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். அந்தக் கலகம் முழுவதிலும் செத்த வெள்ளைக்காரர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பிரெஞ்சுக்காரர்களின் செயின்ட் டொமிங்கோவில் அடிமைகள் எழுந்து, 1804இல் ஹைட்டி என்று தனிநாடு கண்டது துரைமாருக்கு அப்போதும் கெட்ட கனவாக இருந்தது. டெமராராவில் நடந்தது அப்படிப்பட்டதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். பதிலடியில் மட்டும் அந்த வித்தியாசத்தைக் காட்டவில்லை.

அன்று மாலை ஆளுநர் மர்ரே தானே குதிரையில் போனார். வழியில் ஒரு கூட்டம் வெட்டரிவாளோடு மறித்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கள் உரிமை வேண்டும் என்றார்கள். லண்டனிலிருந்து வந்த சீர்திருத்தங்களை, இனி பெண்களுக்குச் சவுக்கடி இல்லை என்பதையெல்லாம், அப்போதுதான் எடுத்துச் சொன்னார். அதெல்லாம் எங்களுக்கு ஆறுதல் இல்லை, வெள்ளைக்காரனைப் படைத்த அதே ரத்தமும் சதையுமாகத்தான் கடவுள் எங்களையும் படைத்தார், அடிமையாக இருந்து அலுத்துவிட்டது என்று பதில் வந்தது. இதை மர்ரேயே தன் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். நம் ஆவணப்படக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இதைவிட நல்ல காட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 20ஆம் தேதி காலை 'பேச்சலர்ஸ் அட்வெஞ்சர்' தோட்டத்துக்கு அருகில் லெப்டினன்ட் கர்னல் லேஹியின் சிப்பாய்கள் இரண்டாயிரம் பேர் அளவுள்ள கூட்டத்துக்கு எதிரே நின்றார்கள். என்ன வேண்டும் என்று இவரும் கேட்டார். ஞாயிறு போக வாரத்தில் மூன்று நாள் எங்களுக்கு வேண்டும் என்றார்கள் சிலர். விடுதலைதான் வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். கலைந்து போக அரைமணி நேரம் கொடுத்தார். போகவில்லை. சுட்டார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகு சிப்பாய்கள் தோட்டம் தோட்டமாகப் போய், நின்ற இடத்தில் விசாரித்து, நின்ற இடத்திலேயே சுட்டார்கள். முறையான விசாரணை என்று நடந்ததில் 30க்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கு. சிலருக்கு ஆயிரம் கசையடி.

குவாமினா கையில் ஆயுதம் எடுத்ததற்குச் சாட்சி இல்லை. காட்டுக்குள் போயிருந்தவரைப் பூர்வகுடி வேட்டைக்காரர்களின் துணையோடு தேடி, செப்டம்பர் 16 அன்று சுட்டுக்கொன்றார்கள். உடலைக் கொண்டுவந்து சக்ஸஸ் தோட்டத்து வாசலில், பொதுச் சாலையோரம் இரண்டு பனைகளுக்கு நடுவே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். மாதக்கணக்கில் தொங்கியது. வயிற்றுக்குள் குளவிகள் கூடு கட்டி, தாடை வழியாகப் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர் எழுதிவைத்திருக்கிறார். ஜாக்குக்கு மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்து, செயின்ட் லூசியா தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

ஸ்மித்தையும் இராணுவ நீதிமன்றம் தூக்குக்குத் தீர்ப்பிட்டது, கருணைக்குப் பரிந்துரையும் சேர்த்து. மன்னரின் மன்னிப்பு வந்து சேர்வதற்குள், 1824 பிப்ரவரி 6 அன்று, காசநோயால் சிறையிலேயே இறந்தார். விடியுமுன் இருட்டில் புதைத்தார்கள். மனைவி ஜேன் பெட்டிக்குப் பின்னால் நடக்கக்கூட அனுமதி இல்லை. இங்கிலாந்து கொதித்துப்போனது. மக்களவையில் ஹென்றி புரூம் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து 193க்கு 146 என்று தோற்றார். தோற்ற தீர்மானம்தான், ஆனால் கேட்டுக்கொண்டிருந்த தேவாலயங்கள் அடிமை ஒழிப்புக்குப் பின்னால் திரண்டன. 'டெமராரா தியாகி' என்ற பட்டம் ஸ்மித்துக்கு. செத்த கறுப்பர்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, தியாகி ஒருவர்தான், அவரும் வெள்ளையர். ஸ்மித்தைக் குறை சொல்லவில்லை. பட்டம் கொடுத்தவர்களைச் சொல்கிறேன்.

டெமராரா கலகத்துக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற இன்னொரு டீக்கன். அங்கேயும் கூலி கொடுத்தால்தான் வேலை என்ற எளிய கோரிக்கையில்தான் ஆரம்பித்தது. அறுபதாயிரம் பேர் வரை எழுந்தார்கள் என்று சொல்வார்கள். ஷார்ப் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். மறுவருஷமே லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நீங்கள் செயப்பாட்டு வினையில் முடித்துவிடுகிற அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

சட்டம் வந்தபோது நட்டஈடு 2 கோடி பவுண்டு. அடிமைகளுக்குக் காலணா இல்லை, முழுவதும் முதலாளிகளுக்கு. ஜான் கிளாட்ஸ்டன் தன் 2,508 அடிமைகளுக்காக வாங்கியது 1,06,769 பவுண்டு. பிற்காலத்தில் நான்கு முறை பிரதமரான அவர் மகன் வில்லியம் கிளாட்ஸ்டன், 1833 ஜூனில் மக்களவையில் செய்த கன்னிப் பேச்சே அப்பாவின் டெமராரா தோட்டத்துக்கு வக்காலத்துதான். அங்கே அடிமைகள் அதிகமாகச் சாகிறார்கள் என்ற குற்றச்சாட்டை மறுத்துப் பேசினார்.

1834 ஆகஸ்ட் 1 விடுதலை நாள். ஆனால் மறுநாளும் அதே தோட்டம், அதே துரை, பெயர் மட்டும் 'அப்ரண்டிஸ்'. எஸ்ஸெகிபோ பகுதியில் இதை ஏற்காதவர்கள் ஒரு தேவாலய வளாகத்தில் கூடிக் கொடியேற்றினார்கள். ஒரு கல்கூட எறியவில்லை. அவர்களில் டேமன் என்பவரை ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்து, புதிதாகக் கட்டிய அரசு மாளிகைக்கு முன்னால் தூக்கில் போட்டார்கள். அப்ரண்டிஸ் முறை 1838 ஆகஸ்ட் 1 அன்று முடிவுக்கு வந்தது.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனிக்கு ஜான் கிளாட்ஸ்டன் ஆள் கேட்டுக் கடிதம் எழுதியது 1836 ஜனவரி 4. நூறு பேர் வேண்டும், இளவயது, திடகாத்திரம், ஐந்து முதல் ஏழு வருஷ ஒப்பந்தம். நீக்ரோக்களை நம்பியிருக்கிற நிலைமை தீர வேண்டும் என்று காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார். கம்பெனியின் பதில் இன்னும் வெளிப்படை: எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் கடலில் போகிறோம் என்பதே தெரியாத ஜனங்கள், ஆள் பிடிப்பதில் சிரமமில்லை. விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் 396 பேர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். 1838 மே மாதம். முழு விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே, விடுதலையாகப் போகிறவர்களின் இடத்துக்கு ஆள் வந்து இறங்கியாயிற்று.

அந்த 396 பேரில் பெரும்பாலோர் சோட்டா நாக்பூர் மலைவாசிகளும் வங்காளப் பக்கத்தவர்களும். தமிழர்கள் அல்ல. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்கள் வந்து சேர்ந்த மே 5 வந்தால் நம்மில் சிலர் தமிழன் கயானாவில் கால்பதித்த நாள் என்று எழுதுகிறார்கள். கிளாட்ஸ்டனின் வ்ரீடன்ஹூப் தோட்டத்தில் அந்தக் கப்பல்களில் வந்தவர்களைச் சவுக்கால் அடித்துப் புண்ணில் உப்பைத் தேய்த்த செய்தி, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் ஜான் ஸ்கோபிள் மூலம் லண்டனுக்குப் போய், ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்த பிறகு, 1845 முதல்தான் மதராஸ் கப்பல்கள் போயின. 1917 வரை கயானாவுக்குப் போன சுமார் 2,39,000 இந்தியர்களில் மதராஸ் வழியாகப் போனவர்கள் சுமார் 15,000 பேர்தான்.

அதே காலத்தில் விடுதலையானவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். சோம்பிக் கிடந்தார்கள் என்பது துரைமார் எழுதிவைத்த கதை. 1839 நவம்பரில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 83 பேர் காசு போட்டு நார்த்புரூக் என்ற கைவிடப்பட்ட தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். அடிமைக் காலத்தில் காய்கறி விற்றுச் சேர்த்த சில்லறையும் அப்ரண்டிஸ் காலத்துக் கூடுதல் கூலியும்தான் முதல். நாணயங்களைத் தள்ளுவண்டியில் குவித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஊருக்கு விக்டோரியா என்று பெயர். அடுத்த ஆண்டு 128 பேர் சேர்ந்து 50,000 டாலருக்கு இன்னொரு தோட்டத்தை வாங்கிப் பக்ஸ்டன் என்று பெயரிட்டார்கள். சொந்த மண்ணில் கால் ஊன்றியவர்கள் தோட்ட வேலைக்கும் போனார்கள், கூலி பேசினார்கள். 1842இல் கூலியை வெட்டியபோது வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். 1848இல் மறுபடி வெட்டினார்கள், மறுபடி வேலைநிறுத்தம். இந்தத் தடவை ஜெயிக்க முடியவில்லை. நடுவில் ஆறு வருஷத்தில் மதேராத் தீவுப் போர்த்துக்கீசியரும் கல்கத்தாக் கூலியும் மதராஸ் கூலியும் வந்து இறங்கியிருந்தார்கள்.

நம் முன்னோர் வந்ததற்கு அங்கே அர்த்தம் இதுதான். 1823இல் உயிர் கொடுத்தவர்களின் பிள்ளைகள் கேட்ட கூலியைக் கொடுக்காமல் இருப்பதற்காக நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கப்பல் செலவில் ஒரு பங்கு காலனி அரசின் வரிப்பணம். அதாவது விடுதலையானவன் வாங்கும் கருவாட்டுக்கும் மாவுக்கும் கட்டிய வரி, அவன் கூலியைக் குறைக்கும் ஆளை வரவழைக்கப் போனது. வந்தவர்களைத் தங்கவைத்தது 'லோஜி' என்ற நீண்ட கொட்டடிகளில், அடிமைகள் காலிசெய்துவிட்டுப் போன அதே வரிசை அறைகளில்.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பஞ்சத்தில் அடிபட்டுப் போன ஏழைகளைக் கருங்காலி என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. யாருடைய கூலியை வெட்டத் தாங்கள் கொண்டுபோகப்படுகிறோம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? போனவர்களில் பலர் இங்கேயே பண்ணையாளாக, அடிமை ஆளாக இருந்தவர்கள். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைக்குள் செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இங்கே அடிமைத்தனத்துக்கு நீதிமன்ற ஆதரவை விலக்கிய சட்டம் வர 1843 ஆயிற்று, அதுவும் சேரிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அக்கரைத் தோட்டத்தின் கொடுமையை உருகி உருகி எழுதுகிற நாம் இக்கரைப் பண்ணையின் சாணிப்பாலையும் சவுக்கடியையும் அதே அத்தியாயத்தில் எழுதுவதில்லை என்பது எனக்கு இன்னொரு குறை.

போனவர்களும் பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. 1869இல் லியனோரா தோட்டத்தில் எழுந்தார்கள். 1872இல் டெவன்ஷயர் காசிலில் போலீஸ் சுட்டு 5 பேர் செத்தார்கள். 1913இல் பெர்பீஸின் ரோஸ்ஹால் தோட்டத்தில் 15 பேர். ரோஸ்ஹால் இருப்பதும் அதே கான்ஜே ஆற்றுப் பக்கம், 1763 கலகம் பற்றிய கரை. 1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த 5 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். என்மோர் இருப்பது பேச்சலர்ஸ் அட்வெஞ்சர் இருக்கும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில். 125 வருஷ இடைவெளியில் ஒரே சாலையில் ஒரே கரும்புக்காக இரண்டு துப்பாக்கிச் சூடு. ஒன்றில் செத்தவர்கள் ஆப்பிரிக்கர், இன்னொன்றில் இந்தியர். இதை ஒரே பக்கத்தில் எழுதிய தமிழ்ப் புத்தகம் என் கண்ணில் படவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால் அங்கே என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்திய வம்சாவளித் தலைவர் செட்டி ஜகனும் ஆப்பிரிக்க வம்சாவளித் தலைவர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹமும் ஒரே கட்சியில் நின்று 1953இல் ஜெயித்தார்கள். 133 நாளில் பிரிட்டன் படையை அனுப்பி ஆட்சியைக் கலைத்தது. 1955இல் கட்சி உடைந்தது. பிறகு ஓட்டு இனவாரியாகப் பிரிந்து, 1964இல் வீடுகள் எரிந்து, பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனை வெட்டுகிற அளவுக்குப் போனது. எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று ஒரு பக்கமும், உழைக்காத சோம்பேறிகள் என்று மறுபக்கமும் இன்றுகூடப் பேசுகிறார்கள். இரண்டாவது வசவு துரைமாரின் அறிக்கையிலிருந்து நம்மவர் வாய்க்கு வந்தது.

கயானா தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 1970இல் குடியரசான போது பிப்ரவரி 23ஐத் தேர்ந்தெடுத்தது, கஃபி எழுந்த நாள். ஜார்ஜ்டவுனில் ஆளுநர் மர்ரே பெயரில் இருந்த தெருவுக்கு இன்று குவாமினா தெரு என்று பெயர். 2023 ஆகஸ்டில், கலகத்தின் இருநூறாம் ஆண்டில், கிளாட்ஸ்டன் குடும்பத்தின் இன்றைய வாரிசுகள் சிலர் கயானா பல்கலைக்கழகத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு லட்சம் பவுண்டு ஆய்வு நிதியும் அறிவித்தார்கள். அரங்கில் தட்டிகளோடு எதிர்ப்பாளர்களும் இருந்தார்கள். 1,06,769 வாங்கிய குடும்பம் இருநூறு வருஷம் கழித்து ஒரு லட்சம் கொடுக்கிறது என்ற கணக்கு எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அடிமைமுறை, ஒப்பந்தக் கூலி இரண்டுக்கும் சேர்த்தே அந்த மேடையில் பேசினார்கள். துரையின் வாரிசுகளே இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும்போது, கூலியின் உறவுக்காரர்களான நாம் மட்டும் ஏன் தனித்தனி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்?

செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் வால்டர் ராட்னி பெயரிலேயே இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல் பதிவேடுகள் உள்ளன. ஒவ்வொரு கூலியின் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், உயரம், உடல் அடையாளம். எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதும் உண்டு. முனியம்மா, வீராசாமி, நாகமுத்து என்று நீங்கள் தேடித் தேடி எடுப்பது அங்கிருந்துதான். இன்னொரு பதிவேடு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1817 முதல் எடுத்த அடிமைப் பட்டியல், தோட்டவாரியாக, பெயரும் வயதும் தொழிலும் சேர்த்து. நட்டஈடு வாங்கியவர்களின் பட்டியலை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி இணையத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரே ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்பீஸ் பக்கம் மதராசிகள் நிறையப் போன ஏதாவது ஒன்று. 1830இல் அங்கே இருந்தவர்கள் யார் யார், அவர்களுக்காக நட்டஈடு வாங்கியது யார், அதே வரிசையில் 1850இல் வந்து படுத்தவர்கள் யார் யார் என்று மூன்று பட்டியலையும் அடுத்தடுத்து வைத்து ஒரு புத்தகம் போடுங்கள். எனக்குத் தெரிந்து தமிழில் இதுவரை யாரும் செய்யாத வேலை. உங்களில் மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு வருஷத்தில் முடியும். படியெடுக்கவும் பிழை திருத்தவும் நான் வருகிறேன். அடுத்த மே 5 சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டிருப்பவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம், முதல் பத்தியை ஆகஸ்ட் 18, 1823 என்று தொடங்கி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்